மாத்திரை அட்டை எந்தக் கூடையில்?

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை 140-க்கு இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். மூன்று வாரமாக அந்த அப்புறம் வரவில்லை. வேறொன்றுமில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மூன்று கூடையும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. மக்குகிற குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று 2016-லேயே விதி போட்டாயிற்று, இன்னும் ஒரே வாளியில் கொட்டுகிறீர்களே என்று சத்தம் போட்டாய். குப்பைக்காகப் பெற்றவளிடம் அப்படிப் பேசுகிற பிள்ளையை உறையூரில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் எதிர்வீட்டு மாமியிடம் "எங்க கயல் சொல்லிக்கொடுத்தது" என்று நான்தான் கூடையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பால் கவரை நீ சொன்னபடியே மூலை துண்டாகிவிடாமல் கத்தரிக்கிறேன். துணுக்கு தனியாக விழுந்தால் அதை யார் பொறுக்குவார்கள்? முதல் அலசல் காபிப் பாலுக்கே போய்விடும். இரண்டாவது அலசலுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர். பிறகு கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறேன். கழுவாமல் சேர்த்தால் இரண்டே நாளில் புளித்த நாற்றம். எண்ணெய்க் கவர்தான் அடங்கமாட்டேன் என்கிறது, சோப்பு, வெந்நீர் எல்லாம் கேட்கிறது. சித்திரையில் குழாயில் தண்ணீர் வராத நாளில் கவரைக் கழுவுவதா, குக்கரைக் கழுவுவதா? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல்.

பேப்பர்காரர் வந்தார். 14 கிலோ, கிலோ 12 ரூபாய். அப்பா வழக்கம்போல நம் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஷாம்பு டப்பா, அட்டைப்பெட்டி, நசுங்கிய அலுமினியச் சட்டி எல்லாம் எடுத்துக்கொண்டார். பிஸ்கட் கவர் மட்டும் வேண்டாமாம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது, காயலான் கடையில் எடுக்கமாட்டார்கள், சிமென்ட் ஆலையில் போட்டு எரிக்கத்தான் ஆகும் என்றார். அப்போ கழுவி என்ன பிரயோசனம் என்று கேட்டேன். சிரித்தார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவனே தேவலை, கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிடு. தலைக்கு எண்ணெய் வை.

சந்தேகத்துக்கு வருகிறேன். நீ ஊருக்குப் போன மறுநாள் உன் ரூம் குப்பையைப் பிரித்தேன். பிரிக்கச் சொன்னது நீதான். பழைய பேப்பரில் சுற்றி மூன்று மாத்திரை அட்டை இருந்தது, மூன்றும் காலி. காலாவதியான மருந்து என்றால் மூன்றாவது கூடை, அது எனக்குத் தெரியும். காலி அட்டை எதில் சேரும்? பிஸ்கட் கவர் மாதிரி அதிலும் இரண்டு சரக்கு ஒட்டியிருக்கிறது. பெயரைப் படித்தேன். மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்கலாம் என்று போய், அமிர்தாஞ்சன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நான் இப்படித்தான், கயல். உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. முந்தின ஆடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் உடைந்ததே, அந்தக் கண்ணாடியை மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கவரில் முடிந்து போட்டேன். பேப்பரில்கூடச் சுற்றவில்லை. வண்டிக்கார அக்கா கவரைக் கையால் பிரித்துக்கொட்டும்போது உள்ளங்கை கிழிந்துவிட்டது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு, "யார் வீட்டுக் கவரும்மா இது?" என்று தெருவில் நின்று கேட்டாள். நம் ஜவுளிக்கடைக் கவர்தான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மேல்வீட்டுக்காரர்கள் வேலையாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் நீ கேட்டபோதுகூட மேல்வீடு என்றுதானே சொன்னேன். பதினோரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. தீபாவளிக்கு 200 ரூபாயும் ரவிக்கைத் துணியும் கொடுத்தேன். "நல்லா இருக்கணும்மா" என்றாள். அந்தக் கையால் இன்னும் அவளுக்கு விளக்குமாற்றை அழுத்திப் பிடிக்க வரவில்லை.

இப்போது கண்ணாடி என்றால் இரண்டு பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி, அவள் கையிலேயே கொடுக்கிறேன். "என்னம்மா இவ்ளோ கவனம்" என்பாள். அப்போதும் சொல்லத் தோன்றுகிறது, சொல்வதில்லை.

மொட்டை மாடித் தொட்டியில் உரம் நன்றாக வந்திருக்கிறது. ஈரம் அதிகமாகிப் புழு வைத்தது, தென்னை நார்த்தூள் போட்டதும் சரியாகிவிட்டது. உன் கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது. பத்து மணிக்குப் படு, என்ன?

அட்டை மூன்றையும் அரிசி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. எந்தக் கூடை என்று சொல். எழுத வேண்டாம், கூப்பிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, எனக்கும் தூக்கம் வருவதில்லை.

அம்மா