டிரைவ்வே விஷயம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறேன் அப்பா" என்கிறாய், அந்தப் பிறகு வருவதேயில்லை. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நீ வாட்ஸ்அப்பில் போட்ட, வீட்டு முன்னால் கார் விடுகிற டிரைவ்வேயின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தார் நரைத்து, மேல் கல்லெல்லாம் கழன்று போயிருக்கிறது. ஆனால் எங்கேயும் தாழ்ந்ததாகத் தெரியவில்லை. மழை விட்ட கையோடு வெளியே போய்ப் பார். தண்ணீர் தேங்கி நிற்காவிட்டால் அடித்தளம் நல்லம், கிண்டிப் புதிதாகப் போடத் தேவையில்லை. அவசரப்பட்டுக் கிண்டாதே.

முதலில் பாசி மருந்து அடி. அது கறுத்துக் காய்ந்ததும் தும்புத்தடியால் தேய்த்துவிட்டுக் கழுவு. பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்தால் இருக்கிற கல்லும் பறக்கும். கேற்றடியில் இருக்கிற குழிக்கு, சூடாக்காமல் போடுகிற தார்க்கல் 25 கிலோ பையில் விற்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தரமும் இடித்து இறுக்கு. கடைசியில் மேலே பூசுகிற தார் சீலர், மெல்லிசாக இரண்டு தரம். பாசிக்கு மேலேயே பூசினால் அழுக்குத் தலையில் எண்ணெய் வைத்த கதைதான். அக்டோபருக்கு முன்னம் செய், குளிர் வந்தால் காயாது. பிறகு வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, இன்னும் பிளக்கும்.

"வலப்பக்கம் மட்டும் செய்தால் காணும்" என்று எழுதியிருந்தாய். காணாது. படத்தில் வலப்பக்கம் பாசியே இல்லை, இடப்பக்கம் பச்சையாகப் படர்ந்து கிடக்கிறது. நாளாந்தம் கார் ஏறி இறங்குகிற இடத்தில் பாசி அப்படிப் பிடிக்காது. அதை விட்டால் அடுத்த மாரிக்குள் இங்காலும் வரும். இரண்டு காருக்கும் சேர்த்தே செய். சாமான் காசு நான் தருகிறேன்.

"பக்கத்து றோட்டில் வேலை, தார் மிஞ்சிக்கிடக்கு, மலிவாகப் போட்டுத் தருகிறோம்" என்று கதவு தட்டுகிற ஆட்களிடம் அகப்படாதே. ஹாரோவில் எங்கள் பின்வீட்டு மனுசன் அப்படித்தான் கையில் காசு கொடுத்தார். அடுத்த கோடையில் தாருக்குள்ளால் புல்லு முளைத்தது. எப்போதாவது உண்மையாகவே மேலே ஒரு படை போடுவதென்றால், அது 25 மில்லிமீட்டர் என்றாலும் நிலம் உயரும். நிலத்து ஈரம் ஏறாமல் சுவருக்குள் வைத்திருக்கிற ஈரத்தடுப்புப் படைக்கு நிலம் 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும், அளந்து பார். 2008இலிருந்து இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் உண்டு. வீட்டு முன்பக்கம் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டால் மழைத்தண்ணீர் புல்லுப் பக்கமாவது வடிய வேண்டும், இல்லாவிட்டால் கவுன்சில் அனுமதி எடுக்க வேண்டும். பழையதை மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். சீலர் பூசுவதற்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை.

முப்பது வயதுக்குள் சொந்த வீடு வாங்கினாய். அதை அம்மா சொல்லாத ஆள் கோயிலில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன், உனக்குத்தான் சொன்னதில்லை. ஆனால் வாங்கினால் காணாது தம்பி, கவனிக்க வேண்டும். அது ஒரு ஆளால் ஏலாது. ஒன்று பழுதாகிறபோது வாயைத் திறந்து சொன்னால்தானே மற்றவர்களுக்குத் தெரியும்? நான் வாட்ஸ்அப் படத்தில் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

அவசரப்பட்டுக் கிண்டாதே, திரும்பவும் சொல்கிறேன்.

சீலர் காய இரண்டு நாளுக்காவது கார் ஏற்றக்கூடாது. மருமகளிடமும் சொல்லி, அவவின் காரையும் றோட்டில் விடச் சொல்லு. நாங்கள் லெஸ்டருக்கு வந்து கூடமாட நிற்கிறோம், தும்புத்தடி பிடிக்க எனக்கு இன்னும் ஏலும். அவ எந்தச் சனிக்கிழமை வீட்டில் நிற்பா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா