லத்தீன் ஏடுகளைப் படிக்க வைத்தவர்களுக்கு நன்றி

இடைக்கால லத்தீன் கையெழுத்தை நான் படிக்கப் பழகியது முழுக்கக் கணினித் திரையில்தான். சுவிட்சர்லாந்து பக்கம் போனதே இல்லை. அப்படியிருந்தும் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தின் 9ஆம் நூற்றாண்டு ஏடுகளை, ஆட்டுத்தோலின் மயிர்க்கால் புள்ளி தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்றால், அதற்கு ஈ-கோடிசெஸ் என்ற சுவிட்சர்லாந்து ஏடுகளின் இணைய நூலகத்துக்காகப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவர்கள்தான் காரணம். முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்தது டிரிபிள்-ஐ-எஃப் (IIIF) என்ற பொது ஏற்பாட்டை, அதாவது வெவ்வேறு நூலகங்களின் படங்களை ஒரே மாதிரி திறந்து பார்க்க உதவும் பொது விதிமுறையைக் கொண்டுவந்தவர்களுக்கு. கேம்பிரிட்ஜ் பார்க்கர் நூலகத்து ஏடு ஒன்றையும் பாரிஸ் தேசிய நூலகத்து ஏடு ஒன்றையும் மிராடர் என்ற படம் பார்க்கும் மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தின் வளைவை ஒப்பிட முடிகிறதே, அது சும்மா வந்ததில்லை.

அப்புறம் இத்தாலிய ஏட்டறிஞர் கப்பெல்லி. மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, இருந்தாலும் நன்றி சொல்லாமல் விட முடியாது. 1899இல் அவர் வெளியிட்ட சுருக்கக்குறி அகராதி (எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கி எழுதிய குறிகளை விரித்துச் சொல்வது) இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. 'பி' (p) எழுத்தின் காலில் குறுக்குக்கோடு இருந்தால் 'பெர்', அதே கால் இடப்பக்கம் சுழிந்தால் 'ப்ரோ', தலைக்கு மேல் கோடு இருந்தால் 'ப்ரே' என்று எழுத்தர்கள் தோலை மிச்சம் பிடித்ததற்கு நாம் படும் பாடு கொஞ்சமா! போதாததற்கு கோதிக் என்ற நெருக்கமான இடைக்கால எழுத்தில் 'மினிமும்' (minimum) என்று எழுதினால் ஒரே மாதிரி 15 செங்குத்துக் கோடுகள், ஐ-க்குப் (i) புள்ளியும் கிடையாது.

இதையெல்லாம் இப்போது எந்திரமே படித்துவிடுகிறது என்கிறார்கள். சரி, கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளான கிராக்கனும் அதை வைத்து ஓடும் ஈஸ்கிரிப்டோரியம் என்ற தளமும் நன்றாகவே படிக்கின்றன, இலவசமும் கூட. ஆனால் அவற்றுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? எந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கவென்று சேர்த்த காட்மஸ் (CATMuS) தொகுப்பில் மட்டும் 200க்கும் மேற்பட்ட ஏடுகளிலிருந்து 1,60,000க்கும் மேற்பட்ட வரிகள், படத்தோடு பொருத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தும் திருத்தியும் கொடுத்தவர்களே, என் பெரிய நன்றி உங்களுக்குத்தான். அதிலும் சுருக்கக்குறிகளை விரிக்காமல் ஏட்டில் உள்ளபடியே வைப்பது என்று முடிவெடுத்தீர்களே, அது பெரிய உபகாரம். எந்திரம் தானே விரித்துக் கொடுத்தால் படிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்தர் எழுதியது எது, எந்திரம் ஊகித்தது எது என்று பிரிக்கவே முடியாது.

கடைசியாக, நள்ளிரவில் படம் அனுப்பி "இது 'என்'னா (n) 'யூ'வா (u)?" என்று கேட்டாலும் அலுக்காமல் பதில் போட்ட லத்தீன் நண்பருக்கும் நன்றி. நான் திருத்திய வரிகளையும் பொதுவில் போடப்போகிறேன், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.