அழைப்பிதழில் ரயில் வழியும் போடுங்கள்

கோலாலம்பூரில் மாநாடு, கண்காட்சி, கலைவிழா நடத்தும் தமிழ் ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் அழைப்பிதழ்களில் பிரமுகர் படங்கள் வரிசையாக இருக்கின்றன, பட்டங்கள் அதைவிட நீளம். இடம் என்ற வரியில் மட்டும் ‘கேஎல்சிசி மாநாட்டு மையம், கார் நிறுத்த வசதி உண்டு’ என்று முடித்துவிடுகிறீர்கள். சரி, கார் இல்லாதவர் எப்படி வருவது? நேரத்துக்கு வந்து நாற்காலிகளை நிரப்புகிற பெரியவர்களில் பலருக்கு, மகனுக்கோ மகளுக்கோ ஓய்விருந்தால்தான் விழா.

இத்தனைக்கும் 2005-இல் திறந்த அந்த மையத்துக்கு ரயிலில் போவது சுலபம். கிள்ளான்காரர் கொமுட்டர் புறநகர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, கொம்பாக் பக்கம் போகும் எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிலையம் கேஎல்சிசி. செந்தூல்காரர் ரயில் மாறவே வேண்டாம். 2023-இல் இன்னொரு நகர ரயிலான எம்ஆர்டியின் புத்ராஜெயா தடம் முழுசாகத் திறந்துவிட்டது. செந்தூல் பாராட் நிலையத்தில் எம்ஆர்டி பிடித்தால் ஐந்தாவது நிலையம் பெர்சியாரான் கேஎல்சிசி. அங்கிருந்து கொஞ்ச தூர நடைதான்.

எல்ஆர்டியில் வருகிறவர் தடுமாறுவது இறங்கிய பிறகு. நிலையத்தை விட்டு வந்ததும் சூரியா பேரங்காடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பளபளவென்று கடை. பட்டுச்சேலையில் வந்த அம்மா யாரையாவது கேட்டு, பூங்கா வழியாக வெளியே போனால் வெயில், சாயங்காலமானால் மழை. அங்காடியின் கீழ்த்தளத்திலிருந்து தரைக்கடியிலேயே நடைபாதை இருப்பது பலருக்குத் தெரியாது. அக்குவாரியா மீன் காட்சியகத்தின் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், அது மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. புக்கிட் பிந்தாங்கிலிருந்து வருகிறவருக்கு பெவிலியன் பேரங்காடிப் பக்கமிருந்து குளிரூட்டிய நடைமேம்பாலம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முட்டி வலிக்காரர்களுக்கு அதைச் சொல்லாதீர்கள்.

அப்புறம், நேரம். பிரமுகர் வரட்டும் என்று தொடக்கத்தைத் தள்ளி, நன்றியுரையை இரவு பத்துக்கு மேல் இழுக்கிறீர்கள். கொமுட்டர் எல்ஆர்டி மாதிரி அடுத்தடுத்து வராது, ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதுதான். அதனால்தான் பாதி நிகழ்ச்சியிலேயே பின்வரிசை காலியாகிறது. பேச்சு பிடிக்காமல் போகிறார்கள் என்று எல்லா நேரமும் நினைக்க வேண்டாம்.

வரவேற்பு மேசையில் சந்தனம் நீட்ட நாலு பேர் நிற்கிறார்களே, அதில் ஒரு பிள்ளையை எல்ஆர்டி வாசலில் பெயர்ப்பலகையோடு நிறுத்துங்கள். அழைப்பிதழில் வழி எழுத ஆள் கிடைக்காவிட்டால், மேலே இருப்பதையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். என் பெயர் வேண்டாம்.