மாலைப்பள்ளித் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக மதுரையில் நடக்கும் நம் மாலைப்பள்ளியில் ஓடு மாற்றியது, கழிவறை, ஒயரிங், ஜன்னல்களுக்குக் கொசுவலை ஆகிய நான்கு வேலைகளும் முடிந்துவிட்டன. இவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் படிக்க வருகிறவர்களுக்காக அச்சிட்ட பாடநூலைப் பற்றித்தான். "கட்டடத்துக்கு என்று வசூல் பண்ணின காசை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறீர்கள்" என்று பொதுக்குழுவில் பேசினார்கள். அதற்குப் பிறகு டீக்கடையிலும் பேசுகிறார்கள். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி புத்தகத்துக்கே போகிறது. வரவு செலவுத் தாள் தணிக்கையாளர் கையொப்பத்துடன் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் எப்போதும் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். வசூல் நோட்டீஸில் "கட்டடமும் பாடநூலும்" என்றுதான் அச்சிட்டிருந்தோம். மேலே ஓட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்ததால் பலருக்கு ஓடு மட்டுமே நினைவில் நின்றுவிட்டது.

புதுப் பாடநூல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தில் தமிழ்நாட்டில் எழுந்ததுதான் அறிவொளி. நம்மில் மூத்தவர்கள் பலர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போன தொண்டர்கள். அன்றைய அளவுகோல் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள், 200 மணி நேரப் படிப்பு. முடிக்கும்போது நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல ஐந்து சொல் எழுத வேண்டும். அளவுகோலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்று நம் பாயில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதைத் தாண்டியவர்கள். அன்றைய புத்தகங்களில் மிச்சமிருந்தவை தாள் பழுத்து, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கிடந்தன. ஜெராக்ஸ் எடுத்தால் புள்ளி விழவில்லை. தானமாக வந்த வேறு சில புத்தகங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. அவற்றில் லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கின்றன. புதிதாகப் படிப்பவரிடம் அதைக் கொடுத்தால் படித்த பாடமும் குழம்பிப்போகும்.

200 மணி என்றால் நாளுக்கு இரண்டு மணி, வாரம் ஐந்து நாள், 20 வாரம். காகிதத்தில் அப்படித்தான். முகூர்த்த நாள் வந்தால் மாட்டுத்தாவணியில் பூக் கட்டும் பெண்கள் வரமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை முடிந்து அழகர் மலைக்குத் திரும்பும்வரை யாருமே வரமாட்டார்கள். கட்டட வேலையை அந்த நாட்களில் வைத்துக்கொண்டதும் இதனால்தான். "வகுப்பை மூடிவிட்டுத் திருவிழா பார்த்தார்கள்" என்று சொன்னவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். இடைவெளி விட்டு வருகிறவர் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர வேண்டுமானால் அவர் கையில் சொந்தமாக ஒரு புத்தகம் இருக்க வேண்டும்.

இனி அச்சகத் தகராறும், கொட்டேஷனைவிடச் செலவு கூடியதற்கான மூன்று காரணங்களும்.

கொட்டேஷன் கேட்டது ஒரே நிறத்தில், 96 பக்கத்துக்கு. ஒரு பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு பாரம் என்றால் ஆறு பாரம். எழுத்தை முதல் பகுதிக்கு 24 பாயிண்ட், பின்பகுதிக்கு 18 பாயிண்ட் என்று வைத்ததும் பக்கம் 104 ஆனது. எட்டுப் பக்கம் கூடினால் அரைப் பாரம், அதற்குத் தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு. எழுத்தைச் சிறிதாக்கினால் அடங்கிவிடும் என்றார்கள். நாங்கள் மறுத்தோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று நின்றுபோகிறவர்களில் பலருக்கு ஏறாதது கண்ணில்தான். பிளஸ் ஒன்றரைக் கண்ணாடி போட்டதும் மறுவாரமே வாசிக்கிறார்கள்.

104 பக்கத்தைச் சென்டர் பின் அடித்தால் நடுவில் உப்பும். முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் செய்தால் தரையில் விரித்து வைக்கும்போது தானாக மூடிக்கொள்ளும். ஒரு கையால் புத்தகத்தை அமுக்கிக்கொண்டு மறு கையால் எழுத முடியாது. ஆகவே 56, 48 பக்கங்களாக இரண்டு புத்தகம் ஆக்கினோம். அட்டைச் செலவு இரட்டிப்பானது. ஆனால் அறிவொளிக் காலத்துப் பாடநூலே மூன்று பகுதியாகத்தான் இருந்தது. மெலிந்த புத்தகத்தை முடித்தவர் அடுத்ததைக் கேட்டு வாங்குவார், தடித்தது பரணுக்குப் போய்விடும். கூடுதல் செலவில் ஒரு பங்கு இது. இன்னொரு பங்கு வரி. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சிட்டுத் தரும் வேலைக்கு உண்டு. கொட்டேஷனில் அது இல்லை, பில்லில் இருந்தது.

மூன்றாவதுதான் பெரியது. ஆயிரம் பிரதி கட்டாக வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் முதல் புத்தகத்தில் இரண்டு பாரங்களில் கொம்பெல்லாம் இடம் மாறியிருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு (ே) பின்னால் போய் நின்றது. "மேலமாசி வீதி" என்பது "மலேமாசி வீதி" ஆகிவிட்டது. "பேரன்" என்பது "பரேன்".

அச்சகத்தார் சொன்னது: "நீங்கள் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." உண்மைதான், போட்டோம். நாங்கள் கையெழுத்துப் போட்ட புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரித் தாள், இன்றும் கோப்பில் இருக்கிறது, அதில் "மேலமாசி வீதி" சரியாகவே இருக்கிறது. நடந்தது இதுதான். யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் கணினி 'ம' என்பதை முதலிலும் கொம்பைப் பிறகும் வைத்துச் சேமிக்கிறது. திரையிலும் தாளிலும் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது வடிவமைப்பு மென்பொருளின் வேலை. அச்சகம் பயன்படுத்திய இன்டிசைன் மென்பொருளில் அதற்கு உலக மொழிகளுக்கான கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். புரூஃப் எடுத்த கணினியில் அது இருந்தது. கடைசித் திருத்தத்துக்காக அந்த இரண்டு பாரங்களை மட்டும் வேறு கணினியில் திறந்து புதிதாகப் பிடிஎஃப் எடுத்திருக்கிறார்கள். அங்கே அது இல்லை. பிளேட் போட்டது அந்தப் பிடிஎஃபை வைத்து. கையெழுத்தான புரூஃபும் பிளேட்டும் வேறு வேறு என்று காட்டியதும் பேச்சு மாறியது: "யாருக்குமே புரியாமலா போகும்? படித்தால் தெரிகிறதே!"

நம் உறுப்பினர்கள் சிலரும் இதையே சொன்னார்கள் என்பதால் விளக்கமாகப் பதில் சொல்கிறோம். நீங்களும் நானும் எழுத்தைக் கூட்டி வாசிப்பதில்லை, சொல்லை மொத்தமாகப் பார்க்கிறோம். கொம்பு எங்கே நின்றாலும் மனம் சரிசெய்துகொள்ளும். மூன்று மாதம் படித்த ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறார். அவருக்கு அது "மலே"தான். தான் தப்பாக வாசித்ததாக நினைப்பாரே ஒழியப் புத்தகம் தப்பு என்று நினைக்கமாட்டார். பேனாவால் திருத்திக் கொடுக்கலாம், ஒட்டுத்தாள் ஒட்டலாம் என்ற யோசனைகளையும் இதே காரணத்தால்தான் தள்ளினோம். முடிவில் அச்சுக்கூலி அவர்களுடையது, தாள் நம்முடையது என்று பேசி இரண்டு பாரங்களையும் மறுபடி அடித்தோம். தாளுக்கும் நாம் கொடுத்திருக்கக் கூடாது என்பவர்களுக்கு: வழக்குப் போட்டால் புத்தகம் வர இரண்டு வருடம் ஆகியிருக்கும். சிவகாசியில் கொடுத்திருக்கலாமே என்பவர்களுக்கு: ஆயிரம் பிரதிக்குப் பிளேட் செலவே பெரிது, அதில் அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. மெய்ப்புப் பார்க்க நடந்து போகிற தூரத்தில் அச்சகம் வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது தமிழ்ப் பாடநூலைப் பற்றி. நம் ஆங்கிலப் புத்தகத்துக்கு இவ்வளவு வம்பு வரவில்லை. வந்தது ஒரே புகார்: "ஏ ஃபார் ஆப்பிள்" ஏன் இல்லை? நம்மிடம் வருகிறவர்கள் ஆப்பிளைப் படிக்க வரவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எது, போனில் வந்த ஓடிபி எது, பணம் எடுக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள். இவை பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பவை என்பதால் பெரிய எழுத்தை முதலில் வைத்தோம். சின்ன எழுத்தில் 'பி'யும் 'டி'யும் வயிற்றை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்ற குழப்பமும் அதனால் தள்ளிப்போகிறது. ஒலிப் பாடத்துக்குத் தமிழையே பிடித்துக்கொண்டோம். "பத்து" என்று சொல்லிவிட்டுத் "தம்பி" என்று சொல்லச் சொல்கிறோம். தொண்டையில் கை வைத்தால் இரண்டாவதில் அந்தப் 'ப' அதிர்வது தெரியும். "பக்கம்", "தங்கம்" என்று அடுத்த ஜோடி, "பச்சை", "மஞ்சள்" என்று அதற்கடுத்தது. வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து உண்டு என்று காட்டினால் போதும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற மகால் பக்கத்துச் சுங்குடிக்காரர்களுக்கு, அந்த மொழியில் இந்த ஒலிகள் தனித்தனியாகவே இருப்பதால், இந்தப் பாடமே தேவைப்படவில்லை.

கரும்பலகைக்கு மட்டும் ஒரு குறிப்பு. பழைய பலகை பளபளத்துச் சாக்பீஸ் வழுக்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பலகைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்திருக்கிறோம். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்த பிறகே எழுதினோம். அப்படிச் செய்யாவிட்டால் முதலில் எழுதிய எழுத்து நிழலாக நின்றுவிடும். டியூப்லைட்டைப் பலகைக்கு எதிரே மாட்டச் சொன்னவர்கள் எழுந்துபோய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து, வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசாமல் எழுத்து தெரியுமா என்று பார்க்கட்டும்.

கொடுத்தவர்கள்: மாட்டுத்தாவணிப் பூக்கட்டும் பெண்கள், செல்லூர்த் தறிக்காரர்கள், குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன புதுமண்டபத் தையற்காரர்கள், விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளின் பணியாளர்கள், கீழமாரட் வீதிச் சுமைதூக்குவோர், மகால் பகுதிச் சுங்குடிக் குடும்பங்கள், அவனியாபுரம் ஆட்டோ ஓட்டுநர்கள், ஒத்தக்கடையிலிருந்து மணலும் செங்கலும் இறக்கியவர், திருமங்கலத்திலிருந்து இரண்டு மின்விசிறி அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியை, மூக்குக்கண்ணாடிகள் வாங்கித் தந்த மருந்துக்கடைக்காரர், பெயர் வேண்டாம் என்று சொன்ன மூவர். மற்றவர்கள் பெயரெல்லாம் சுவரில் இரண்டு அங்குல எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய எழுத்து ஆடம்பரம் என்றார்கள். வகுப்பில் புத்தகத்துக்கு வெளியே முதலில் வாசிக்கப்படுவது அந்தச் சுவர்தான், ஆகவே அளவு அப்படியே இருக்கும். இனிஷியலை ஆங்கிலத்தில் போடச் சொன்ன நன்கொடையாளருக்கும் தமிழில்தான் போட்டிருக்கிறோம், அவர் கோபம் இன்னும் தணியவில்லை.

அடுத்த பதிப்பை அடிக்கும் குழுவுக்கு: எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பு அலுவலகப் பீரோவில் பென்டிரைவில் இருக்கிறது. அந்தக் கோப்பிலிருந்துதான் பிளேட் போட வேண்டும். அச்சகத்தில் யார் திறந்து திருத்தினாலும் திருத்திய பாரத்துக்கு மறுபடி புரூஃப் வாங்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கொத்தனாருக்குத் தர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு பிடித்து வைக்கப்பட்டுள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு அது கொடுக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு