கணக்கை அழித்தாலும் பிரதி நிற்கும்

ஆசிரியருக்கு,

காசுக்காக அந்தரங்க வீடியோ போடும் இளையவர்கள், கணக்கை அழித்தால் முடிந்தது என்று நம்புகிறார்கள். சந்தா கட்டியவர் திரையைப் பதிவு செய்தாலே பிரதி டெலிகிராமுக்குப் போய்விடும். முகத்தை மறைத்தாலும் பச்சை குத்தியது, ஜன்னல் கம்பி, பின்னால் கேட்கும் குரல் காட்டிக்கொடுக்கும். வியாசர்பாடி, ராயபுரம் போல வீடுகள் ஒட்டிய தெருக்களில் அதற்குப் பிறகு வாடகை வீடு, வேலை, வரன் எல்லாமே சிக்கல்தான். பார்த்தவனை மட்டும் யாரும் கேட்பதில்லை, இது அநியாயம்.

பதிவேற்றியவர் மீதே, பாலியல் காட்சிகளை இணையத்தில் வெளியிடுவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு பாயலாம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. பிரதியைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். இணைப்பு, பயனர் பெயர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். தானே எடுத்த வீடியோ என்றால் பதிப்புரிமை (காப்பிரைட்) அடிப்படையிலும் நீக்கச் சொல்லி அந்தத் தளத்திடம் கேட்கலாம். நீக்கக் கோரும் படிவத்தில் எழுதும் இயற்பெயர், பிரதியைப் போட்டவருக்கும் போகக்கூடும் என்பதால், வழக்கறிஞர் மூலம் அனுப்புவதே பாதுகாப்பு.

- சட்ட உதவித் தன்னார்வலர்கள், தண்டையார்பேட்டை