ஆறு நாவலும் படித்துவிட்டேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஆறு நாவலையும் படித்து முடித்துவிட்டேன். எப்படி இருந்தது என்று நீயே கேட்பாய் என்று நாலு வாரம் பார்த்தேன். முன்பெல்லாம் பாதி படிக்கும்போதே "எந்தப் பக்கத்துலம்மா இருக்கே?" என்று துளைத்துவிடுவாய். வேலை அதிகமாக இருக்கும். நீ கேட்காவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன். ராத்திரி ஒரு மணிக்கும் நீ வாட்ஸ்அப்பில் இருப்பதாகக் காட்டுகிறது. நேரத்துக்குத் தூங்கு.

அப்பா சௌக்கியம். அக்காவும் குழந்தைகளும் வந்துவிட்டுப் போனார்கள். மற்றதெல்லாம் பிறகு, முதலில் புத்தகம்.

பொய்க் கல்யாண ஒப்பந்தக் கதையைத்தான் முதலில் எடுத்தேன். இந்த வகைக்கு நாலு கால் வேண்டும். ஒப்பந்தத்தை விட்டு இருவருமே ஓட முடியாத காரணம், ஒரு கெடு, பொய் வெளிப்பட்டால் மனசு உடைந்துபோகும் ஒரு மூன்றாம் மனிதர், இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்ட விதிகள். விதி ஒவ்வொன்றாக மீறப்படுவதை வைத்துத்தான் காதல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வாசகர் அளப்பார். அதனால் மூன்று நாலுக்கு மேல் போகக் கூடாது, மனப்பாடமாக நிற்க வேண்டும். இந்த எழுத்தாளர் பன்னிரண்டு விதி போட்டார். ஏழாவது எது என்று யாருக்கு நினைவிருக்கும்? அதைவிடப் பெரிய ஓட்டை, ஹீரோயினின் கடன் பதினோராம் அத்தியாயத்திலேயே அடைந்துவிடுகிறது. பிறகும் அவள் ஏன் அந்த வீட்டில் இருக்கிறாள்? இருக்கப் பிடித்திருக்கிறது என்றால், அதை அவள் தனக்குள் ஒப்புக்கொள்ளும் ஒரு காட்சி அங்கேயே வந்திருக்க வேண்டும். ஒரு காரணம் விழும்போது அடுத்தது எழுந்து நிற்காவிட்டால் கதை தொங்கிப்போகும். இருநூறு பக்கம் தொங்கியது.

உரையாடல் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. கோபத்தில் இருவரும் துண்டு துண்டாகப் பேசுகிறார்கள், சமாதானமானதும் வாக்கியம் நீள்கிறது. இந்த நுணுக்கத்தை எனக்கு முதலில் காட்டியவளே நீதான். உன்னைப் போல் படிக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை, யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். அவ்வளவு படிக்கிறவளுக்கு அம்மாவுக்கு நாலு வரி எழுத நேரம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பகையில் தொடங்கும் கதை. வாய்ச்சண்டையைப் பகை என்று நம்பவைக்கப் பார்க்கிறார்கள். பகைக்கு ஒரு செயல் வேண்டும், அதனால் ஒருவருக்கு உண்மையான நஷ்டம் வந்திருக்க வேண்டும். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 61 அத்தியாயம். ஹீரோ டார்சி முதல் தடவை கல்யாணத்துக்குக் கேட்பதும் எலிசபெத் முடியாது என்பதும் 34-ஆவது அத்தியாயத்தில். மறுநாள் அவன் கையில் கொடுக்கும் கடிதம் 35-இல். 36 முழுக்க அவள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு வரியையும் தன் நினைவில் இருப்பதோடு ஒத்துப் பார்க்கிறாள். அதற்குப் பிறகும் 25 அத்தியாயம் மிச்சம் இருக்கிறது. மனசு மாற அவ்வளவு இடம் வேண்டும். நீ அனுப்பியதில் 310 பக்கம் சண்டை, 311-இல் ஒரு முத்தம், 312-இல் எல்லாம் சரியாகிவிட்டது. முத்தம் யாருடைய கருத்தையும் மாற்றாது.

இன்னொன்று. ஹீரோ அவள் கையை முறுக்குகிறான், போனைப் பிடுங்கிப் பார்க்கிறான். பிறகு சின்ன வயசில் அவன் பட்ட அடியைச் சொல்லி ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயம் அவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்லலாம், கையை முறுக்கியதைச் சரியாக்காது. கதையில் மட்டும்தான் அவன் மாறுவான். யாராக இருந்தாலும், எவ்வளவு பிடித்திருந்தாலும், அப்படி ஒருவனை மன்னித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம். நேரம் எதுவானாலும் போன் செய்யலாம். நேரத்துக்குத் தூங்கு.

மூன்றாவது, ஆபீஸ் கதை. முதலாளிக்கும் அவளுக்கும் காதல் வந்ததும் அவள் வேலையை விட்டுவிடுகிறாள். அவன் ஏன் விடவில்லை என்று அந்தப் புத்தகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாலாவது சுகமாக இருந்தது. ஒரு பிரச்சினையும் பெரிதாக வராமல், ஆளுக்கு ஓர் அத்தியாயமாக இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. இருவர் சொல்லும் கதைக்கு அதுதான் சோதனை.

ஐந்தாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பிரிந்தவர்கள் திரும்பச் சேரும் கதை.

பமேலா ரெஜிஸ் என்பவர் காதல் நாவல் பற்றி 2003-இல் எழுதிய புத்தகத்தில், இந்தக் கதைகளுக்கு எட்டு உறுப்பு என்று பிரித்துக் காட்டினார். கதை நடக்கும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்வது, இனிச் சேரவே முடியாது என்று தோன்றும் சாவு போன்ற கட்டம், தடை எப்படி விலகுகிறது என்று தெரிவது, பந்தம். வரிசை முன்பின் மாறலாம். இப்போது வரும் நாவல்களில் அந்தச் சாவுக் கட்டம் பெரும்பாலும் கடைசிக் கால் பாகத்தில் வருகிறது, 300 பக்கப் புத்தகம் என்றால் 225-ஐ ஒட்டி. அந்தக் கட்டத்தை எடைபோட ஒரு வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு முதல் 50 பக்கத்துக்குத் திரும்பிப் போ. பிரிவுக்கான விதை அங்கே இருந்தால் எழுத்தாளர் தெரிந்து எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் திடீரென்று ஒரு பழைய காதலி வருவாள், பாதி கேட்ட ஒரு போன் பேச்சு வரும். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும் விஷயத்தை 80 பக்கத்துக்கு இழுப்பார்கள்.

இந்த ஐந்தாவதில் விதை இருக்கிறது. அவன் எழுதிய கடிதங்களை ஹீரோயினின் அம்மா மறைத்துவைக்கிறாள், அது 30-ஆவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அந்த அம்மாவை முடிப்பதில்தான் எழுத்தாளர் தப்பு செய்தார். அவளைக் கொடுமைக்காரியாகவே காட்டிக்கொண்டுபோய், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். மகள் ஓடி வருகிறாள், அழுகிறாள், இரண்டு பக்கத்தில் மன்னித்துவிடுகிறாள். அம்மா செத்துவிடுவாளோ என்ற பயத்தில் சொன்னதை மன்னிப்பு என்று எழுதலாமா? மருந்து வாசனையில் எல்லாக் கணக்கும் அழிந்துபோகுமா? அந்த அம்மா தான் செய்தது இன்னது என்று ஒரு வரி சொல்லவில்லை.

மன்னிப்புக் காட்சி எழுதுவதற்கும் முறை உண்டு. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், "நடந்ததற்கு" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. அதனால் எதிராளி எதை இழந்தார் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு அதில் ஏதாவது செலவாக வேண்டும், கௌரவமாவது. பத்துப் பேர் முன்னால் மண்டியிட்டுக் கேட்டால் மறுக்க முடியாமல் போய்விடும், அதனால் தனியாகக் கேட்க வேண்டும். பதில் உடனே வேண்டும் என்று நிற்கக் கூடாது. 'ஆனால்' என்ற சொல் வந்த இடத்தில் மன்னிப்பு முடிந்துவிடுகிறது. ஆறு நாவலில் ஒன்றில்தான் இது சரியாக வந்திருக்கிறது, அதுவும் இருநூறு வருஷத்துக்கு முந்தையது.

நீ மற்ற ஐந்தும் புதுசாக வாங்கி அனுப்பினாய். 'பெர்சுவேஷன்' மட்டும் உன் சொந்தப் பிரதி, அட்டை கிழிந்தது. ஏன் அதை அனுப்பினாய் என்று முதலில் புரியவில்லை.

அதன் முடிவை ஜேன் ஆஸ்டின் இரண்டு தடவை எழுதினார். 1816 ஜூலையில் முடித்துவிட்டார். அதில் அட்மிரல் க்ராஃப்ட் ஹீரோயின் ஆனியைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போகிறார். முன்பு அவளைக் காதலித்துப் பிரிந்த வென்ட்வொர்த் அங்கே இருக்கிறான். அவனிடம், ஆனி இன்னொருவரைக் கல்யாணம் செய்யப்போகிறாளா என்று விசாரிக்கும் வேலையைத் தள்ளிவிடுகிறார். இவன் கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், முடிந்தது. ஆஸ்டினுக்கு அது திருப்தியாக இல்லை, ஆகஸ்டில் மாற்றி எழுதினார். தள்ளிவிட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி இன்னும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நாவல் அச்சில் வரும்போது அவர் உயிரோடு இல்லை.

மாற்றி எழுதியதில் யாரும் யாரையும் கேட்கச் சொல்வதில்லை. 23-ஆவது அத்தியாயம். ஒரே அறையில் பலர் இருக்கிறார்கள். வென்ட்வொர்த் மேஜையில் உட்கார்ந்து நண்பனுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். நிச்சயம் செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது நல்லதா என்று இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். அவன் பேனா நிற்கிறது, தலை நிமிர்கிறது. பிறகு ஜன்னலோரத்தில் ஆனியும் அந்த நண்பன் ஹார்வில்லும், ஆணா பெண்ணா யார் அதிக நாள் மறக்காமல் இருப்பார்கள் என்று பேசுகிறார்கள். இந்தத் தடவை பேனா கீழே விழுகிறது. அவ்வளவுதான் சத்தம். நண்பனின் கடிதத்தை எழுதுகிற அதே மேஜையில் அவளுக்கும் ஒன்று எழுதி, தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். கையுறையை மறந்தவன் போலத் திரும்பி வந்து, அதை உருவி அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். எட்டரை வருஷம் பேசாத பேச்சு அந்தத் தாளில் இருக்கிறது. பிறகு, தான் கொஞ்சம் சம்பாதித்து வந்த 1808-லேயே எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாயா என்று அவளிடம் கேட்கிறான். ஒப்புக்கொண்டிருப்பாள். அவன் எழுதவில்லை, கர்வம் விடவில்லை. ஆறு வருஷம் வீணாகப் போனது.

அவர்களைப் பிரித்தது யார்? லேடி ரஸ்ஸல். ஆனியின் செத்துப்போன அம்மாவின் தோழி, அம்மா ஸ்தானத்தில் இருந்தவர். கெட்டவர் கிடையாது, ஆனி மேல் உயிரையே வைத்திருந்தார். 19 வயசுப் பெண்ணிடம் மூன்று காரணம் சொன்னார். அவனிடம் பணம் இல்லை, கைதூக்கிவிடச் சொந்தபந்தம் இல்லை, தொழில் நிலையில்லாதது.

நான்காவதாக நான் ஒன்றும் சொல்லவில்லை, பாப்பா. மொட்டை மாடியில் அன்றைக்கு நான் சொன்னதும் அதே மூன்றுதான்.

அவனை "அந்தப் பையன்" என்றுதான் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. அவனைப் பார்க்காமலே சொன்னேன். நீ அழுதாய், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஐந்து வருஷம் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் "கல்யாணத்தைப் பற்றி யோசிச்சியா?" என்று கேட்டேன், நீ பதில் சொல்லாமல் ஏதாவது நாவலைப் பற்றிப் பேசினாய். அது பேச்சை மாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது தப்பு. உன் பயத்தை நான் வளர்த்தேன், அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தேன்.

உன் பிரதியில் ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் கோடு இருக்கிறது. லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டதில் தன் மேல் தவறில்லை என்று ஆனி வென்ட்வொர்த்திடம் சொல்லும் இடம். அந்த யோசனை சரி என்று அவள் சொல்லவில்லை, அதே மாதிரி நிலைமையில் தான் யாருக்கும் அப்படி ஒரு யோசனை சொல்லவே மாட்டேன் என்கிறாள். கோடு மெல்லிசாக ஆரம்பித்து, அந்த வரியில் தாள் பள்ளமாகும் அளவுக்கு அழுத்தமாக இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், பின்பக்கமும் தட்டுப்படுகிறது.

கடைசி அத்தியாயத்தில் லேடி ரஸ்ஸலுக்கு ஆஸ்டின் நோய் எதுவும் கொடுக்கவில்லை. தான் அநேகமாக முழுக்கத் தப்பு என்று ஒப்புக்கொண்டு, கருத்துகளையும் நம்பிக்கைகளையும் புதுசாக எடுத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பக்கத்தில் நீ கோடு போடவில்லை. நான் போட்டிருக்கிறேன், பென்சிலில்தான். பிடிக்காவிட்டால் அழித்துவிடு.

இதற்கு நீ உடனே பதில் எழுத வேண்டாம். அவன் இப்போது எங்கே இருக்கிறான், தொடர்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. உன் புத்தகத்தைத் தபாலில் அனுப்பட்டுமா, நீ வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்பதை மட்டும் சொல். அதுவரை என் தலைமாட்டில் இருக்கும்.

அம்மா