கணக்குப் புத்தகத்தையும் இளம்பெண்களிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செந்தூலில் எங்கள் மகளிர் தொண்டர் குழுவில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்பதிலிருந்து அண்டா கழுவுவது வரை இளம்பெண்கள்தான். பொதுக்கூட்டம் வந்தால் மட்டும் பொறுப்பெல்லாம் பழையவர்களுக்கே. இந்த ஆண்டு ஒரு தங்கையை உதவிச் செயலாளராக்கி என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். கூட்டக் குறிப்பு எழுதினாள், ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டினாள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையையும் அவளே தயார் செய்தாள்.

நம் நாட்டுப் பெண்ணுரிமைப் போராளி ராசம்மா பூபாலன், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது பதின்வயதுப் பெண். அவரே 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம ஊதியத்துக்குப் போராடினார். அப்புறம் நம் பெண்களிடம் மட்டும் ஏன் "இன்னும் அனுபவம் போதாது" என்கிறோம்? வரும் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவியையாவது இளையவரிடம் கொடுங்கள், பொறுப்பில் இருக்கும் மூத்த அக்காமார்களே. ஓராண்டு கூடவே இருந்து சொல்லிக்கொடுங்கள்.

மகளிர் குழுச் செயலாளர்,
செந்தூல், கோலாலம்பூர்